ஈரம் காயாத சுவர்

"மணிக்கயிறு தலைமாட்டுலயே தொங்குது. ஒரு இழுப்பு இழுத்திருந்தா நர்ஸ் ஓடி வந்திருப்பாங்க. அப்பா இழுக்கவே இல்லையாம் சார். அன்னிக்குக் காலைல நான் அவரோட சண்டை போட்டேன். அந்தக் கோபத்துல சாகட்டும்னு பேசாம இருந்துட்டாரா?"

துப்பறிபவர் கட்டிலருகே வந்து நின்றார். அறுவைச் சிகிச்சைக்குப் பின் ரத்தம் கசிந்து அந்தப் பெண்ணின் அப்பா இறந்த கட்டில், துவைத்த விரிப்போடு வெறுமையாகக் கிடந்தது. வார்டு முழுக்கப் புதுப் பெயிண்ட் வாசனை. வேறோர் ஊரில் நோயாளிகள் கவனிப்பாரின்றி இறந்தது சட்டசபையில் வெடித்ததிலிருந்து, சுகாதார அமைச்சர் ஒவ்வொரு மருத்துவமனையாகப் பார்வையிட்டு வந்தார். இன்று இங்கே.

'உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்ற சுவரொட்டி மற்றக் கட்டில்களின் மேலே உயரத்தில் இருந்தது. இங்கே மட்டும் தாழ்வாக.

"படுத்துக்கிட்டே படிக்கவா மாமா?" என்றான் உடன் வந்த மைத்துனன்.

"கிண்டலை விட்டுட்டு இந்தக் கயித்தைப் பாரு மாப்ள."

வெள்ளைக் கயிறு. அதில் இடைவெளி விட்டு இடைவெளி விட்டுப் பச்சைப் பெயிண்ட் திட்டுகள்.

"தொங்கிட்டு இருந்தப்போ பட்டிருந்தா நீளமா ஒரே கோடா இருக்கும். இது..."

"சுருட்டி வச்சிருந்தாங்களா!"

"அதோ, அந்த உசரத்து ஆணியில. கட்டிலைத் தள்ளிட்டுச் சுவருக்கு அடிச்சிருக்காங்க. ஈரம் காயறதுக்குள்ள கட்டில் திரும்ப வந்திருச்சு. கயிறு இறங்கல."

அருகில் நின்ற வார்டுத் தலைமை நர்ஸ் சுவரோடு சாய்ந்தாள். "காஞ்சதும் இறக்கலாம்னுதான் இருந்தோம். அவர் போனப்புறம் நான்தான் இறக்கினேன்."

"சுவரொட்டியை?"

"அதுவும்."

துப்பறிபவர் அதைக் கழற்றினார். பச்சைச் சுவரில் நான்கு விரல்கள் இழுத்த தடம், கட்டில் விளிம்பிலிருந்து ஆணியை நோக்கி ஏறியது. வழுக்கியது. மறுபடி ஏறியது. ஆணிக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது.

மகள் தன் விரல்களை அதனருகே கொண்டுபோனாள், தொடவில்லை. பக்கத்துக் கட்டில் நோயாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கூப்பிட்டிருக்காரும்மா," என்றார் துப்பறிபவர் மெதுவாக. "கடைசி வரைக்கும்."

கீழே கார் கதவுகள் சாத்தப்படும் ஓசை. உடன் நின்ற மருத்துவமனைக் கண்காணிப்பாளர் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி வாசலைப் பார்த்தார்.

"சார்," என்றாள் மகள் அவரிடம். "அமைச்சரை முதல்ல இந்தக் கட்டிலுக்குக் கூட்டிட்டு வாங்க. நான் இங்கேயே நிக்கறேன். கூட்டிட்டு வருவீங்களா?"