பாலத்தடியில் கிடந்த சைக்கிள்

வெந்த முட்டையின் தலையைச் சிரில் டனிக்ளிஃப் கரண்டியால் தட்டி உடைத்த நேரத்தில், ஹில்டா கார்சைட், விடுதியின் சாப்பாட்டு அறைக்குள் ஓடி வந்தாள். கோட்டுப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தாள்.

"மிஸ் ஆர்மராட், நீங்க முன்ன துப்பறியும் போலீஸ்ல இருந்தவங்கதானே? என் வீட்டுக்காரரு லெனர்டக் காணோம். நேத்து மத்தியானம் கிளம்பினவரு. சைக்கிள் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் பாலத்தடியில கெடக்குதாம். ஆத்துல கொக்கி போட்டுத் தேடுறாங்க!"

வினிஃப்ரெட் ஆர்மராட் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பாதி ஆயுளைப் போலீசில் கழித்துவிட்டு, இப்போது வருடா வருடம் இலையுதிர் காலத்தில் சைக்கிள் மிதித்து ஊர் ஊராகச் சுற்றுகிற அம்மாள். கூடவே வருகிற சிரில் ஓவிய வாத்தியார். எங்கே எது காணாமல் போனாலும் கொலைதான் என்று முடிவுகட்டுவதில் ஆளை மிஞ்ச முடியாது.

"உக்காரும்மா. லெனர்டுக்கு யார்கூடயாவது தகராறு உண்டா?"

"பண்ணைக்கார பாக்‌ஷாதான்! கேட்டைத் தொறந்து போட்டுட்டுப் போனா சுட்டுடுவேன்னு போன வாரம் துப்பாக்கியத் தூக்கிக் காட்டினான்."

"நேத்து எதுக்கு மலைக்குப் போனாரு?"

"சைக்கிள் சங்கத்துப் புத்தகத்துக்குத்தான். எந்தப் பாதையில சைக்கிள்காரங்க போகலாம், எங்க டீ கிடைக்கும்னு எல்லாம் இவருதான் போய்ப் பாத்து எழுதணும். இந்த மலைப் பாதைய எடுத்துடப் போறேன்னு சொல்லிட்டிருந்தாரு. பழைய ஈயச் சுரங்கக் குழிங்க மேல போட்ட பலகையெல்லாம் உளுத்துப்போச்சாம். அவரு... அவரு செத்துட்டாரா?"

"எனக்குத் தெரியாது. தெரியாதத நான் சொல்ல மாட்டேன்" என்றார் வினிஃப்ரெட். ஆனால் ஹில்டாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஹில்டா போலீஸ் காரில் சுற்றுப்பாதையாகப் பாலத்துக்குப் போனாள். இவர்கள் இருவரும் லெனர்ட் போன வழியிலேயே மலையேறினார்கள். பாதி ஏற்றத்துக்கு மேல் மூடுபனி இறங்கி, முன்னால் போகிற வினிஃப்ரெட்டின் பின்சக்கரம்கூடச் சிரிலுக்குச் சரியாகத் தெரியவில்லை. கடைசி ஏற்றம் உயிரை வாங்கியது. இருப்பதிலேயே இளகலான கியரைப் போட்டு, மூச்சிரைக்க மிதித்தான். பாதையின் இரு பக்கமும் புல்லுக்கடியில் அந்தக் குழிகள் இருந்தன. எத்தனை என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

எங்கேயோ மெலிதாக ஒரு சத்தம்.

வினிஃப்ரெட் நின்றுவிட்டார். "உனக்குக் கேட்டுச்சா?"

"ஆடு, மேடம். ஆடாத்தான் இருக்கும்." ஆடாக இருக்க வேண்டுமே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டான். மறுபடி சத்தம் வரவில்லை.

உச்சிக்கு வந்ததும் பாதை சமமானது. ஒரு மைலுக்கு மேல் ஒரே மட்டம். பழைய கியரிலேயே மிதித்தால் கால்தான் வெறுமனே சுற்றும், வண்டி நகராது. சிரில் மிதித்துக்கொண்டே நெம்புகோலைத் தள்ளி கியரை மாற்றினான். பிறகு இறக்கம். அடிவாரத்தில் கில்பர்ட் ஸ்னைடின் தேநீர்க் கடை, அதைத் தாண்டி ஆறு, பாலம்.

கடை வாசல் புல்லில் சிரில் அவசரமாகச் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். வெளியே வந்த கில்பர்ட் குனிந்து அதைத் தூக்கி மறுபக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தார். இளமையில் பந்தயங்களில் ஓட்டிய மனிதர், குள்ளம், நரைத்த மீசை.

"செயின் பக்கம் மேல இருக்கணும்யா! எத்தன வருஷமா வண்டி ஓட்டுற? புல்லு, மண்ணு எல்லாம் கியருக்குள்ள போயிடாதா?" அப்புறம்தான் அவருக்குத் துக்கம் நினைவுக்கு வந்தது போல முகம் மாறியது. "உள்ள வாங்க. பாவம் லெனர்ட். என்ன மாதிரி ஆளு!"

கணப்பில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. கில்பர்ட் சூடான ஸ்கோன் ரொட்டியும் தேநீரும் வைத்தார். குளிரில் விறைத்துப்போயிருந்த சிரிலுக்கு அது தேவாமிர்தமாக இருந்தது.

"நேத்து சாயங்காலம் நீங்கதான் கடைசியாப் பாத்தீங்களாமே?" என்றார் வினிஃப்ரெட்.

"ஆமா. மலையிலேர்ந்து பறந்து வந்தான். கைய ஆட்டிட்டே போனான். மெதுவாப் போடான்னு நான் கத்தினேன். கேட்டாத்தானே? பாலத்துத் திருப்பத்துல தூக்கி எறிஞ்சிருக்கும். ரெண்டு நாளா கடைய விட்டு நான் நகரல. நகர்ந்திருந்தா அதையும் பாத்திருக்க மாட்டேன். இன்னொரு கப் ஊத்தட்டுமா தம்பி?"

சிரில் கோப்பையை நீட்டினான். வினிஃப்ரெட் கையைச் சூடாக்கிக்கொள்வதற்காகக் கணப்பருகே குனிந்து, அங்கே காய வைத்திருந்த பூட்ஸை ஓரமாக நகர்த்தி வைத்தார். சாம்பல் நிறச் சேறு அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

பாலத்தடியில் கூட்டம். நீண்ட கொக்கிகளால் ஆற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். பாக்‌ஷாவும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றான். அவனுக்குப் பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை. கரையில் ஹில்டா, ஒவ்வொரு தடவை கொக்கி எதிலாவது மாட்டும்போதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சைக்கிள யாராவது தொட்டீங்களா?" என்று வினிஃப்ரெட் கேட்டார்.

"விடியக்காலையில கண்டுபிடிச்சதே நான்தான் மேடம். ஒரு விரல்கூட வைக்கல" என்றார் கான்ஸ்டபிள் லோமஸ்.

செந்நிறச் சேற்றில் சைக்கிள் படுத்திருந்தது. செயின் பக்கம் மேலே. கைப்பிடி வளையவில்லை, விளக்கு உடையவில்லை. செயின் பின்சக்கரத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்தில் மாட்டியிருந்தது. வினிஃப்ரெட் வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்ததைக் கண்டு சிரிலுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை வருடத்தில் அந்த முகம் வெளுத்து அவன் பார்த்ததில்லை.

"தேடுறத நிறுத்தச் சொல்லுங்க. எல்லாரும் கடைக்கு வாங்க. கயிறு, ஏணி எல்லாத்தையும் வண்டியில ஏத்தச் சொல்லுங்க. சீக்கிரம்!"

கடைக்குள் எல்லோரும் நின்றார்கள். பாக்‌ஷாவின் கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இவன்தானே மேடம்?" என்றான் சிரில் ஆவலாக.

"ஏன், என் மூஞ்சியில எழுதியிருக்கா?" என்று பாக்‌ஷா சீறினான். "திட்டினேன், மிரட்டினேன். அதுக்காகக் கொன்னுடுவேனா?"

"சும்மா இரு சிரில். காலையில ஏறுறப்போ என்ன கியர் போட்ட?"

"இருக்கறதுலயே இளகல்."

"மேல ஏறினதும்?"

"மாத்தினேன். இல்லேன்னா சமதளத்துல மிதிக்கவே முடி..." அவன் வாய் அப்படியே நின்றது. "லெனர்டோட செயின் பெரிய பல்சக்கரத்துல இருக்கு!"

"ஏத்தத்துக்குப் போட்ட கியர் அப்படியே இருக்கு. மிதிச்சாத்தான் கியர் மாறும். அந்த ஒரு மைல யாரும் மிதிக்கல, கையால தள்ளிட்டு வந்திருக்காங்க. அப்போ லெனர்ட் இந்த இறக்கத்துக்கு வரவே இல்ல. உச்சிக்கு முன்னாடி, குழிங்க பக்கத்துலயே ஏதோ ஆயிடுச்சு."

ஹில்டா மேசையைப் பற்றிக்கொண்டாள்.

"தள்ளிட்டு வந்தவர் விபத்து மாதிரி காட்டணும்னு நெனச்சார். பாக்‌ஷாவா இருந்தா எப்படியோ தூக்கி எறிஞ்சிருப்பான். ஆனா இவருக்கு மனசு வரல. காலம்பூரா சைக்கிளோட வாழ்ந்த கை. அந்தப் பதட்டத்துலயும் செயின் பக்கம் மேல இருக்கற மாதிரி பதமாப் படுக்க வச்சிருக்கு. வராத ஆளு கைய ஆட்டிட்டுப் போனதா சொன்னதும் ஒருத்தர்தான்." அவர் திரும்பினார். "கில்பர்ட், எந்தக் குழி?"

கில்பர்ட் குனிந்து கணப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளினார்.

"மேல எத்தனையோ குழி இருக்கு. ஒவ்வொண்ணா தேடினா இருட்டிடும். இன்னொரு ராத்திரி அவர் தாங்க மாட்டார்" என்றார் வினிஃப்ரெட். குரலை உயர்த்தவே இல்லை. "அவர் உயிரோட இருந்தா உங்களுக்குத் தூக்கு கிடையாது. செத்துட்டா உண்டு. உங்க உயிரும் அவர் உயிரும் இப்போ ஒரே கயித்துலதான் தொங்குது. வாயத் தொறங்க!"

மனிதர் நாற்காலியில் சரிந்தார். "பாதையப் புத்தகத்துலேர்ந்து எடுத்தா இந்தக் கடைக்கு எவன் வருவான்? பலகை கெட்டியாத்தான் இருக்குன்னு காட்டத்தான் மேல போனேன். இல்லன்னான். சிரிச்சான். நெஞ்சுல கைய வச்சுத் தள்ளிட்டேன். பலகை முறிஞ்சு... கூப்பிட்டேன், பதிலே இல்ல. செத்துட்டான்னுதான் நெனச்சேன். சத்தியமா!"

"எந்தக் குழி?"

"ஒத்தை முள்மரத்துக்குப் பின்னாடி."

அந்த முள்மரத்துக்குப் பின்னால், பனியில் நனைந்த புல்லில் ஒரு கனத்த பலகை கிடந்தது. பாக்‌ஷாவும் லோமஸும் அதைப் புரட்டினார்கள். கீழே ஒரே இருட்டு. ஹில்டா மண்ணில் குப்புறப் படுத்து, தலையை உள்ளே நீட்டி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"லென்! லென்!"

ஒன்றுமில்லை. ஐயோ, தாமதமாகிவிட்டதே என்று சிரில் கண்ணை மூடிக்கொண்டான். அப்போது காலையில் கேட்ட அதே மெலிந்த சத்தம் மறுபடி கேட்டது. ஆடு அல்ல. கடவுளே, ஆடே அல்ல!

பாக்‌ஷா கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு யாரும் கேட்காமலே இறங்கினான். கில்பர்ட்டும் மற்றவர்களோடு சேர்ந்து கயிற்றை இழுத்தார். கால் முறிந்து, உதடு நீலம் பாரித்து, லெனர்ட் மேலே வந்தான். குழிக்குள் பாதி ஆழத்தில், நடைபாதை போல அகலமாக இருந்த ஒரு பாறைத் திட்டுதான் அவனைத் தாங்கியிருந்தது.

"என் சைக்கிள் எங்க?" என்றான் முதலில்.

ஹில்டா அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள், அப்புறம் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பாக்‌ஷாகூடச் சிரித்துவிட்டான். கயிற்றைப் பிடித்தபடி நின்ற கில்பர்ட்டை லெனர்ட் அப்போதுதான் பார்த்தான். சிரிப்பெல்லாம் அடங்கியது.

"காலையில வந்தியே, கில்பர்ட்" என்றான். "நீ எட்டிப் பாத்த. நான் உன் பேரச் சொல்லித்தான் கத்தினேன். அப்புறம் எங்கேயோ போய் இந்தப் பலகையக் கொண்டாந்து மூடிட்டுப் போயிட்டியே."

கில்பர்ட்டின் கையிலிருந்து கயிறு நழுவியது. லோமஸ் அவர் தோளைத் தொட்டார்.

எல்லோரும் போன பிறகு சிரில் மெதுவாகக் கேட்டான். "மேடம், அவர் உயிரோட இருக்கறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கில்பர்ட்டோட பூட்ஸ்ல இந்தச் சுரங்கத்துச் சாம்பல் சேறு. கீழ இருக்கற மண்ணு செவப்பு. நேத்து அப்பினது நெருப்புப் பக்கத்துல இருந்து ராத்திரியே காஞ்சிருக்கும். ஆனா ஈரமா இருந்துச்சு. செத்தவனப் பாக்க இந்தக் குளிர்ல யாரு விடியக்காலையில மலையேறுவாங்க? அவர் சந்தேகத்தோட போனாரு. பாத்தாரு. தெரிஞ்சுக்கிட்டாரு."

"அப்புறம் வந்து நமக்கு..."

"ஆமா."

சிரில் சைக்கிளின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான். இன்னொரு கப் ஊற்றட்டுமா தம்பி என்று கேட்ட அந்தக் கை, அன்று விடியற்காலையில்தான் பலகையை இழுத்து மூடியிருந்தது. தானும் கோப்பையை நீட்டியிருந்தான், ருசித்தும் குடித்திருந்தான்.

விடுதிக்குத் திரும்பியதும் சமையல்காரி சூடாகத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவன் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடித்தான்.