ரெக்கை முளைக்காத மருந்து

இன்னும் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. மரக்காணத்து உப்பளப் பக்கம், கைகால் மூட்டுகளையெல்லாம் முடக்கிப்போட்ட காய்ச்சல் வந்த இரண்டாயிரத்து ஆறாம் வருசத்துக் கதை இது. பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அம்சவள்ளி வீடு வீடாகப் போய்த் தண்ணீர் டிரம்களில் கொசு மருந்து போடுகிறவள். அன்று நண்பகல், உப்பின் வெள்ளை கண்ணைக் குத்த வேலம்மாள் வாசலுக்கு வந்தவள், கொடியில் ஈரம் சொட்டிய மஞ்சள் சட்டையைப் பார்த்து நின்றுவிட்டாள். கைக்குழந்தைச் சட்டை. வேலம்மாளின் புருசனையும் மூத்த மகளையும் கடல் கொண்டுபோன மறுமாசம், மிஞ்சிய எட்டு மாதப் பையனுக்கு அம்சவள்ளியே வாங்கித் தந்தது. அவனுக்கு இப்போது இரண்டு வயது தாண்டியிருக்க வேண்டும்.

"பையன் எங்கக்கா? பார்த்து ரொம்ப நாளாச்சே."

"உள்ளதான் இருக்கான். நீ சொன்ன மாதிரியே இருக்கான்."

என்ன சொன்னோம்? அம்சவள்ளி யோசித்துப் பார்த்தாள். போன வருசம், அந்தச் சட்டை தந்த கொஞ்ச நாளில், முதன்முதலாக மருந்து போட்டபோது, புழு உயிரோடு நெளிகிறதே, இதுதான் உன் மருந்தா என்று தெருவே சிரித்தது; லாரித் தண்ணீரைத் தரையில் கொட்டியது. பூச்சி உடம்பில் வளர்ச்சிக்கென்று ஒரு சுரப்பு உண்டு, அதைத்தான் இந்த மருந்து குழப்பும், புழு கொசுவாக வளராது என்று இவள் தொண்டை வறளச் சொன்னாள். கொட்டாமல் கேட்டவள் வேலம்மாள் ஒருத்திதான்.

"அப்போ அது சாவாதா? பறந்தும் போவாதா?"

"ஆமாக்கா. அப்பிடியே இருந்துடும்."

கடைசியில் கூட்டுக்குள்ளேயே செத்துப்போகும் என்ற மிச்சத்தை, வெயிலில் களைத்திருந்த அம்சவள்ளி சொல்லவில்லை. பிறகு மாசாமாசம் வேலம்மாள் இன்னொரு பிடி கேட்டாள். தன்னை நம்பிய ஒரே வீடு. சந்தோசமாகக் கொடுத்தாள்.

உள்ளே பால் வாடையும் பாசி வாடையும் கலந்து கிடந்தன. தூளி வெறுமையாகத் தொங்கியது. மூலையில் நீல டிரம். அதற்குள் ஏதோ மெல்லப் புரளும் சத்தம்.

மூடியைத் தூக்கினாள். அவள் நிழல் பட்டதும் புழுக்கள் துள்ளி ஆழத்துக்குப் போயின. எப்போதும் அப்படித்தான் போகும்.

கூடவே பெரிய உருவம் ஒன்று போனது.

வெள்ளையாக.

"நிழலுக்குப் பயந்துக்குவான்," என்றாள் வேலம்மாள், தாழ்ந்த குரலில். "நவுந்து நில்லு. மூச்சுக்கு வருவான்."

நகர்ந்தாள். தண்ணீர் அடங்கியது. ஒரு புழு வந்தது. பத்து வந்தன. தலை கீழே. வால் மேலே. அவை வாலால்தான் மூச்சு விடும்.

பிறகு அது வந்தது.

முதலில் ஒரு குதிகால். எட்டு மாதக் குழந்தையின் குதிகால். நீர்மட்டத்தைத் தொட்டு நின்றது. அதன் நடுவில் ஒரு சின்னத் துளை. திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் சட்டைகள் வருசாவருசம் பத்தாமல் போகட்டும், கண்ணுகளா.