மழைக்கு ஏறாத விலை

"மழை வந்தா என் கடை பொய் சொல்லுதும்மா" என்றார் அங்காடிக்காரர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

தராசம்மா கையிலிருந்த துணியை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். கடைகளின் எடையையும் அளவையும் சோதிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எந்தப் பக்கமும் சாயாதவள் என்று தெருவே சேர்ந்து வைத்த பெயர் அது. அவளுடைய ஓரகத்தி சின்னவள் அதற்கு நேர்மாறு. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே திருட்டா, கொலையா என்று காதைத் தீட்டுவாள். இப்போதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து நின்றாள்.

விஷயம் இதுதான். அங்காடிக்காரரின் மருமகன், அலமாரிகளில் இருந்த காகிதச் சீட்டுகளை எடுத்துவிட்டு மின்னணு விலை அட்டைகளை மாட்டியிருந்தார். கூரையில் இருக்கும் ஒரு பெட்டி சொல்வதைக் கேட்டு அட்டைகள் தாமே விலையை மாற்றிக்கொள்ளும். சாயங்காலமானால் ரொட்டி விலை இறங்கும். தூறல் விழுந்தால் குடையும் மழைக்கோட்டும் ஏறும். ஆனால் கொஞ்ச நாளாக, மழை வரும்போதெல்லாம் குடையின் அட்டை மட்டும் ஏறுவதில்லை. கல்லாவில் கணினி ஒன்று சொல்ல, அட்டை வேறொன்று சொல்ல, ஒரே ரகளை. கடைசியில் அட்டையில் இருந்த விலைக்கே கொடுத்துத் தொலைக்க வேண்டியிருந்தது.

"கல்லாவில உட்கார்ற பொண்ணுதான் மாத்தறா. அட்டையை மாத்தற கைக்கருவி அவகிட்ட மட்டும்தான் இருக்கு. போன மழையில அவ தம்பியே வந்து குடை வாங்கிட்டுப் போனான். இன்னிக்கே வேலையை விட்டு நிறுத்திடலாம்னு இருக்கேன். ஆனா மனசு ஒப்பலை. அவளுக்குக் கல்யாணம் வேற நெருங்குது."

"இன்னிக்கு மழை பெஞ்சுதே?"

"இன்னிக்கும் அதே கூத்துதான்."

"அப்ப வாங்க, போகலாம்."

கடையில் கல்லாப் பெண்ணின் முகம் அழுது வீங்கியிருந்தது. "நான் தொடவே இல்லைங்கம்மா. மழை வந்தா கூட்டம் அம்மும். எழுந்திரிக்கக்கூட முடியாது" என்றாள்.

தராசம்மா தலையாட்டிவிட்டுக் குடைகள் தொங்கிய இடத்துக்குப் போனாள். பக்கத்திலேயே மழைக்கோட்டு. அதன் விலை ஒழுங்காக ஏறியிருந்தது.

"பேட்டரி தீர்ந்திருக்கும்க்கா" என்று சின்னவள் கிசுகிசுத்தாள்.

"மழைக்கு மட்டும் தீர்ற பேட்டரியா?"

குடையின் அட்டையைக் கொக்கியிலிருந்து கழற்றி, பின்பக்கத்தை உள்ளங்கையில் தட்டினாள். இடுக்கிலிருந்து கரும்பழுப்பாகச் சில துகள்கள் உதிர்ந்தன. சின்னவள் மோந்து பார்த்தாள்.

"டீத்தூள்!"

டீத்தூள் அலமாரியோ கடையின் அந்தக் கோடியில் இருந்தது.

மருமகன் வந்து விளக்கினார். "மழை வந்ததும் பெட்டி ஒவ்வொரு அட்டையையும் கூப்பிடும். கொஞ்ச நேரம் பதில் வரலைன்னா விட்டுடும். அப்புறம் மறுநாள் காலையிலதான் திரும்பக் கூப்பிடும். மழைன்னா இந்த ஒரு அட்டை மட்டும் பதில் சொல்றதே இல்லை. மாமாகிட்டச் சொன்னா, சாக்கு சொல்றேங்கறார்."

எல்லாரும் பின்னாலிருந்த அலுவலக அறைக்குப் போனார்கள். அங்காடிக்காரரின் மனைவி ஜன்னலோரம் டீ போட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்கும் தம்ளர் எடுத்து வைத்தார்.

"கல்லாப் பொண்ணை இன்னியோட நிறுத்தப்போறேன். அட்டையை மாத்தினது அவதான்" என்றார் அங்காடிக்காரர்.

அந்த அம்மாளின் கை அந்தரத்தில் நின்றது. "அவளையா? என்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றார். பிறகு மெதுவாக, "கழட்டினவங்களுக்கு இப்படி ஒரு பழி விழும்னு தெரிஞ்சிருக்காதுங்க" என்றார்.

தராசம்மா தம்ளரைக் கீழே வைத்தாள். "அந்தப் பொண்ணையும் கூப்பிடுங்க."

பெண் வந்து கதவோரம் நின்றாள். தராசம்மா மேசைமேல் இருந்த எவர்சில்வர் டீத்தூள் டப்பாவுக்குள் குடையின் அட்டையைப் போட்டு, மூடியை இறுக்கினாள்.

"தம்பி, இப்ப விலையை ஏத்துங்க."

மருமகன் கணினியில் தட்டினார், காத்திருந்தார். டப்பாவைத் திறந்தபோது அட்டையில் அதே விலை.

"டப்பாவுக்குள்ள இருந்தா பெட்டி கூப்பிடறது இதுக்குக் கேக்காது. யாரோ மழைக்கு முன்னால எடுத்து உள்ள போட்டு, பெட்டி ஓய்ஞ்சதும் திரும்ப மாட்டியிருக்காங்க. கைக்கருவி இருக்கறவளுக்கு இந்தப் பாடெல்லாம் எதுக்கு? நின்ன இடத்துலயே மாத்திடலாமே. அதனால இந்தப் பொண்ணு இல்லை. மாப்பிள்ளைத் தம்பி நினைச்சா கணினியிலயே மாத்தியிருப்பார். அதனால அவரும் இல்லை."

"பின்ன யாருக்கா?" சின்னவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"எல்லாரும் அட்டையை 'மாத்தினாங்க'ன்னுதான் சொன்னாங்க. ஒருத்தர் மட்டும் 'கழட்டினவங்க'ன்னு சொன்னாங்க. கொக்கியிலிருந்து கழட்டின விஷயம் கழட்டின கைக்குத்தானே தெரியும்?"

அங்காடிக்காரரின் மனைவி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான்தான். ஜன்னல்ல இருட்டிக்கிட்டு வந்தா எழுந்து போயிடுவேன்." கணவரைப் பார்த்தார். "ஒருநாள் கைக்குழந்தையோட ஒருத்தி குடையைக் கையில எடுத்தா. அவ பார்த்துக்கிட்டு இருக்கும்போதே விலை ஏறுச்சு. குடையைத் திரும்ப மாட்டிட்டு, குழந்தை தலையில துண்டைப் போட்டுக்கிட்டு மழையில இறங்கிப் போனா. அன்னிக்கே உங்ககிட்டச் சொன்னேன். உனக்கு வியாபாரம் தெரியாதுன்னீங்க."

பிறகு அந்தப் பெண்ணிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் தலையில விடியும்னு சத்தியமா நினைக்கலம்மா."

"இன்னொரு தடவை என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் அங்காடிக்காரர்.

"நீங்க என்ன விலை அட்டையா, சொன்ன உடனே மாற?"

மருமகனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமாவின் முகத்தைப் பார்த்து அடக்கினார். ஆனால் மாமாவே சிரித்துவிட்டார்.

"மாப்பிள்ளை, சாயங்காலம் ரொட்டி இறங்கறது அப்படியே இருக்கட்டும். மழைக்குக் குடை ஏற வேண்டாம்."

"மழைக்கோட்டு?"

அவர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். "அதுவும்தான்."

பிறகு கல்லாப் பெண்ணை முன்னால் விட்டு, தானும் கடைக்குள் நடந்தார். வரிசையில் நின்றவர்களும், மற்ற வேலையாட்களும் கேட்கும்படியாக, "தப்பு என்னுதும்மா. உன்னைச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது" என்றார்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்து நின்றவரின் கூடையை வாங்கிக்கொண்டாள்.