வெண்ணெய் திரளாத சனிக்கிழமை

அயர்லாந்தின் மேற்கே, கடற்காற்று ஓயாத எங்கள் ஊரில், அந்தக் காலத்தில் மதியச் சாப்பாடு என்றால் அவித்த உருளைக்கிழங்கும் மோரும்தான். சனிக்கிழமை மட்டும் வெண்ணெய் கடைவோம். சூடான கிழங்கின் மேல் புது வெண்ணெய் உருகி வழியும். அந்த வாசனை இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது.

ஒரு பனிக்காலச் சனிக்கிழமை. அம்மா கடைந்துகொண்டே இருந்தாள். வெண்ணெய் திரளவில்லை.

"எல்லாம் அந்தக் கீட்டியால வந்தது!" என்றாள்.

வெண்ணெய் கடையும்போது யார் வீட்டுக்குள் வந்தாலும், கொஞ்சமாவது கடைந்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் வெண்ணெய் அவர்களோடு போய்விடுமாம். போன வாரம் பக்கத்து வீட்டுக் கீட்டி அத்தை கடைகோலைத் தொடாமலே ஓடிவிட்டாள். அன்றும் வெண்ணெய் வரவில்லை. அதோடு அம்மா அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

"அவங்க பாப்பா அழுதுச்சும்மா. அதான் ஓடினாங்க" என்றாள் என் அக்கா ஊனா. அவளுக்குப் பத்து வயது.

"நீ ஒண்ணும் பரிஞ்சு பேச வேணாம்."

ஊனா மரத்தாழியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

"அம்மா, இதை அடுப்புப் பக்கம் நகர்த்தலாமா?"

இருவரும் நகர்த்தினார்கள். பிறகு ஊனா வெளியே ஓடினாள்.

கீட்டி அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அத்தை, எங்க வெண்ணெயைக் கொண்டுபோயிட்டீங்களாமே?"

"அடிப்பாவி! நானா?"

"அப்ப வந்து கொஞ்சம் கடைஞ்சு குடுங்க. பாப்பாவ நான் வச்சுக்கறேன்."

"உங்கம்மா துரத்துவாளே?"

"கடைஞ்சு கடைஞ்சு கை வலிக்குது. எப்படித் துரத்துவாங்க?"

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளே வந்தவள் நேரே போய்க் கடைகோலைப் பிடித்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் விலகி இடம் கொடுத்தாள். ஒருத்தி ஓய்ந்தால் மற்றவள் கடைந்தாள். தாழிக்குள் சத்தம் மெல்ல மாறியது. கோல் கனத்தது.

"பெக்! வந்துருச்சு!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினாள் அத்தை.

"அடுப்புச் சூட்டுல வந்துது" என்றாள் ஊனா.

"இல்ல, அத்தை கை பட்டுத்தான் வந்துது" என்றேன் நான்.

"எதுல வந்தா என்ன? பசிக்குது!" என்றார் கொட்டகையிலிருந்து வந்த அப்பா.

கிழங்கை வடித்துக் கூடையில் கொட்டினோம். ஆவி கூரை வரை எழுந்தது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். கீட்டி அத்தை மட்டும் குழந்தையை வாங்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தாள்.

அம்மா பெரிய கிழங்காக ஒன்றை எடுத்தாள். விரல் சுடச்சுடத் தோலை உரித்தாள். மேலே ஒரு கட்டி வெண்ணெய் வைத்து நீட்டினாள்.

"உக்காரு கீட்டி. ஆறிடப் போகுது."