கண்ணாடி மேசையில் நிலாக்கப்பல்

மழை இருட்டிக்கொண்டு வந்த மத்தியானம். சோறு தின்று கை கழுவிவிட்டு மருதாள் பனியன் கம்பெனியின் செக்கிங் அறைக்குள் நுழைந்தபோது, சூப்பர்வைசர் திருமூர்த்தி செய்தித்தாளோடு நின்றிருந்தான். நிலாவுக்குப் போய்ப் பாதியில் திரும்பிய கப்பலின் படம். பறக்கையிலேயே, கழற்றிவிட்ட பின்பாகத்தை அதில் போனவர்கள் எடுத்தது. ஒரு பக்கத் தகடு முழுக்கப் பிய்ந்து குடல் தெரிந்தது.

“மருதக்கா, துணியில ஓட்டை பாக்கறதுதானுங்க உங்க பொழப்பு? இது கல்லு பட்ட ஓட்டையா, உள்ளயே வெடிச்சதான்னு சொல்லுங்க பாக்கலாம்.”

“இவ கப்பலையும் பழுதுன்னு கழிச்சு செகண்ட்ஸ் முத்திரை குத்திப்போடுவா,” என்றாள் பக்கத்து மேசைத் தெய்வாத்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

மருதாளும் சிரித்தபடி, துணி விரிக்கிற பழக்கத்தில் தாளைக் கண்ணாடி மேசையில் போட்டாள். அடியில் ட்யூப் லைட் எரிந்தது. கிழிசலின் ஓரத்தை விரலால் தடவினாள்.

படத்தில், கிழிசலுக்குள் குழாய்களுக்கு நடுவே ஒரு கை இருந்தது.

மோதிர விரல் இல்லாத கை.

போன ஆடியில், பின்கட்டுச் சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்துச் செத்த அவள் புருஷன் பழனிமுத்துவின் கை. வால்வைத் திறக்க மறந்துவிட்டான் என்று முதலாளி செத்தவன்மேலேயே பழியைப் போட்டார். அதே பாய்லருக்கு ஒட்டுப் போட்டு மறுபடி பற்றவைத்தார். இப்போது அதற்கு விறகு தள்ளுவது மருதாளின் தம்பி கந்தப்பன்.

தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வேட்டி விளம்பரம்தான்.

மறுபடி திருப்பினாள். கை இடம் மாறியிருந்தது. தகட்டின் கீழே, ஒட்டுப் போட்டதுபோல் தெரிந்த இடத்தை அழுத்திப் பிடித்திருந்தது. விரலிடுக்கில் வெள்ளையாய் ஆவி கசிந்தது.

வெந்த தோலின் வாடை அடித்தது.

பின்கட்டுக்கு ஓடினாள்.

“கந்தப்பா, வெளிய வா.”

“ஏனுங்கக்கா? ஆவி இப்பத்தான் ஏறுது.”

“வாடா!”

சட்டையைப் பிடித்து இழுத்தாள். வாசலைத் தாண்டினார்கள்.

முதுகுக்குப் பின்னால் இடி இறங்கியது.

புகை அடங்கியதும் திரும்பிப் பார்த்தாள். பாய்லரின் ஒரு பக்கத் தகடு பிய்ந்து, குழாய்கள் குடலாய்த் தொங்கின. படத்தில் இருந்த அதே கிழிசல். கந்தப்பனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் காலையில் தாளை மறுபடி மேசையில் போட்டுப் பார்த்தாள். கப்பல் இருந்தது. கிழிசல் இருந்தது. கை இல்லை. பெருமூச்சு விட்டுத் தாளை எடுத்தாள்.

கண்ணாடியில் ஆவி படிந்து நான்கு விரல் தடம்; மோதிர விரல் இடம் காலி.

முந்தானையால் துடைத்தாள். போகவில்லை.

தடம் அடிப்பக்கத்தில் இருந்தது. கண்ணாடி சுட்டது.