வாறன் என்று சொன்னவள்

கோட்டின் இரண்டாவது பொத்தான் நேற்றுப் பின்னேரம்தானே கழன்று விழுந்தது. இதை இவன் எப்படிக் கண்டான்?

புனிதவதி தட்டச்சு யந்திரத்திலிருந்து விரல்களை எடுத்தாள். தை மாதத்து வெளிச்சம் நாலு மணிக்கே மங்கி, நிலவறையின் உயரச் சன்னலில் சாம்பலாக ஒட்டியிருந்தது. சூட்டுக் குழாய்கள் முனகின. பெட்டிகளிலிருந்து ஈரத்துணியும் பழஞ்சுருட்டும் கலந்த வாடை எழுந்து அவள் தலைமயிரில் படிந்தது. மூன்று மாதமாக இந்த வாடையைத்தான் வெக்ஸ்போர்ட் வீடு வரை பஸ்ஸில் சுமந்து போகிறாள்.

செனட்டரின் வாடை. அமெரிக்காவின் தெற்கே அடிமைகளை வைத்திருந்தவன். ஓடியவர்களைப் பிடித்துக்கொடுக்கச் சட்டம் செய்தவன். போரில் தோற்று ரொறன்ரோவில் வந்து ஒளிந்து, நூறு வருடங்களுக்கு முன் செத்தவன். அவனுடைய சட்ட வரைவுகளும் சொந்தக் கடிதங்களும் முப்பத்தொரு பெட்டிகளில் இந்த நூலகத்துக்கு வந்திருந்தன. யாழ்ப்பாணக் கச்சேரி அரச அலுவலகத்தில் ரைப்பிஸ்டாக இருந்தவளுக்கு அவற்றைப் பிரதி எடுக்கும் வேலை. கடைசிப் பெட்டியில் இந்தக் குறிப்புப் புத்தகம் இருந்தது. தன்னிடமிருந்து ஓடி இந்த நகருக்கு வந்த ஒருத்தியை அவன் தேடிய குறிப்புகள்.

'கறுத்தவள். இடது முழங்கையில் எரிகாயத் தழும்பு. நீலக் கோட்டு. இரண்டாவது பொத்தான் இல்லை.'

சட்டைக் கையைத் தழும்பு மறைய இழுத்துவிட்டுக்கொண்டு மாடியேறினாள்.

"அன்ரி, அந்தப் புத்தகத்தை வேறை ஆரும் ரைப் பண்ணேலாதோ?"

மேற்பார்வை பார்க்கும் கிளடிஸ் அன்ரி கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். "ஏன், செத்த வெள்ளைக்காரன் உமக்குக் கண்ணடிக்கிறானோ? மனுசனைக் கூப்பிட வேலைக் கடிதம் வேணுமெண்டு அழுதது ஆர்? கையெழுத்து வைச்சு கீழை உம்மட மேசைலாச்சிக்குள்ள வைச்சிட்டன். முடிச்சிட்டு எடுத்துக்கொண்டு போம்."

ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் வீடு வீடாக மாறி ஒளிந்திருக்கும் கணவரைக் கனடாவுக்கு எடுக்க அந்தக் கடிதம் ஒன்றுதான் குறை. அவள் இறங்கி வந்து அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

'வெளியேறும்போது தன் மொழியில் எனக்கு வாக்குக் கொடுக்கிறாள், திரும்பி வருவதாக. ஒரு நாளும் தவறவில்லை.'

எந்த வாசலிலும் 'போறன்' என்று சொல்லிப் பழகாத நாக்கு. விளக்கை அணைக்கும்போது, ஆளில்லாத அறைக்கு, தினமும் 'போட்டு வாறன்'. ஒருவருக்கும் சொல்லவில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

விரலில் மை ஒட்டியது.

ஈரம்.

கோட்டை இழுத்தெடுத்தாள். விளக்கு. கதவு. நாக்கு தானாக எழும்பியது. கடித்துக்கொண்டாள். பூட்டினாள்.

பாதிப் படியில்தான் நினைவு வந்தது. கடிதம்.

"என்ன பிள்ளை, சொல்லாமல் போறீர்?"

கதவுக்கு உள்ளேயிருந்து. கிளடிஸ் அன்ரியின் குரல்.

அறையைப் பூட்டிய திறப்பு அவள் கையில் இருந்தது. படிச் சன்னலுக்கு வெளியே, பனியில், கிளடிஸ் அன்ரி குடையை மடக்கி, தெருத் தண்டவாளத்தில் நின்ற ஸ்ரீற்காரில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"வாறன் எண்டு சொல்லும். கடிதம் தாறன்."

கதவடியால் வெள்ளைத் தாள் ஒன்று பாதி வந்து நின்றது. அவளுடைய பெயர். நூலகத்தின் முத்திரை. இறங்கிப்போய், குனிந்து பிடித்தாள். மறுபக்கம் விடவில்லை. மெல்ல, அவளையும் சேர்த்து, உள்ளே இழுத்தது.

"ஒரு சொல்லுத்தானே."

கொழும்பில் அவரும் இந்நேரம் ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். தட்டுகிறவனுக்குக் குரல் கொடுக்காமல்.

கதவிடுக்கில் நான்கு விரல் நுனிகள். நகங்களில் மை. அவை நீலப் பொத்தான் ஒன்றைக் கடிதத்தின்மேல் வைத்து அவள் பக்கம் தள்ளின.

அவள் தாளை விட்டாள்.

"மாட்டன்" என்றாள், தனக்கே கேட்காத குரலில்.

விரல்கள் போகவில்லை.