சிவப்புப் பூ வந்த பிறகு

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டிய தென்னந்தோப்பு வீடு ஒன்றில், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண் குழந்தைக்கு அன்று பெயர் வைப்பதாக இருந்தது. வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். குழந்தையின் தாய் பல நாட்களாகத் தூங்கவில்லை.

"சாந்தாமணி! சம்பந்தியூட்டுக்காரங்க பதினோரு மணிக்கு வந்துருவாங்க. ரித்திகாவுக்குத் தலை வாரி அந்தப் பச்சைப் பட்டைக் கட்டி உடு. ஆரு கேட்டாலும் காச்சல்னு சொல்லிப்போடு... தெரிஞ்சுதா?"

மாமியார் மாசாணியம்மாளின் குரல் கேட்டதும் சாந்தாமணி அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுத் திரும்பினாள்.

"அத்தை... அவளுக்குக் காச்சல் இல்லீங்க. செவுத்தப் பாத்துப் பேசறாளுங்க. பெத்த புள்ளையத் தொடறதுக்கே பயப்படறா. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு..."

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டயா? வெள்ளிக்கிழமை பூ கேட்டமா இல்லையா? என்ன வந்துச்சு?"

"செவப்புங்க."

"அப்பறம் என்ன பேச்சு?"

குலதெய்வக் கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் முன்னால் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் கூடாது. பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது, தோப்பு வாங்குவது என்று அந்தக் குடும்பத்தில் எல்லாமே பூ கேட்டுத்தான் நடந்தது. மகளை மனநல டாக்டரிடம் காட்டலாமா என்று மாசாணியம்மாள் கேட்டதற்குச் சிவப்புப் பூ வந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கேட்கலாம் என்று திரும்பி வந்துவிட்டார்கள்.

சாந்தாமணி அவிநாசியிலிருந்து இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது, கணவனின் தங்கை ரித்திகா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுத்த வருடம், பாதி படித்த பி.எட். படிப்பை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்தவள் சாந்தாமணி. ரித்திகாவின் தலைக்குப் பேன் பார்த்தது முதல் கல்லூரிக்குப் பஸ் ஏற்றிவிட்டது வரை அவள்தான். அவளுக்குக் குழந்தை இல்லை. அதனால் நல்ல காரியங்களில் பின்வரிசையில் நிற்கப் பழகியிருந்தாள். குழந்தையின் காதில் பெயர் சொல்வது அத்தை முறைக்காரியின் உரிமை. தாய்மாமன் பெண்டாட்டி என்ற முறையில் அது அவளுடையது. மாசாணியம்மாள் அதை மேட்டுப்பாளையத்துச் சொந்தக்கார ஒறம்பரை ஒருத்தியிடம் ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டாள்.

சாந்தாமணி காபியோடு உள்ளறைக்குப் போனாள். ரித்திகா தரையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தாலிக்கொடி இல்லை. வளையல்களையும் கழற்றித் தொட்டில் ஓரத்தில் அடுக்கி வைத்திருந்தாள்.

"என்ன கண்ணு இது?"

"எல்லாம் பாப்பாவுக்கு அண்ணி... நீங்களே வெச்சு வளத்துக்குங்க. நான் இருந்தா அவளுக்கு ஆகாது. சொல்லிட்டே இருக்காங்க..."

"ஆரு சொல்றாங்க?"

ரித்திகா சுவரைக் காட்டினாள். அங்கே யாரும் இல்லை.

சாந்தாமணி காபியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டில் யாரும் கேட்கத் துணியாத கேள்வியைக் கேட்டாள்.

"கண்ணு... உசுர விட்றலாம்னு தோணுதா?"

ரித்திகா அவளைப் பார்த்தாள். கண்ணில் நீர் திரண்டது. தலையசைத்தாள்.

"இன்னைக்கு, அண்ணி. எல்லாரும் பந்தல்ல இருக்கறப்போ..."

சாந்தாமணி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனபோது ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் பெரிய எழுத்தில் பார்த்த எண் நினைவில் இருந்தது. 14416. மனநல உதவிக்கு என்று எழுதியிருந்தது. பிடித்த கையை விடாமலே, இன்னொரு கையால் போனை எடுத்து அழுத்தினாள்.

எடுத்த பெண் பதறாமல் பேசினாள். எத்தனை நாளாகத் தூக்கமில்லை, என்ன பேசுகிறார், இப்போது பக்கத்தில் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"நீங்க அவங்ககிட்ட நேரடியா கேட்டது ரொம்ப நல்லதும்மா. ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க. குழந்தையை வேற பெரியவங்க பாத்துக்கட்டும். இது பிரசவத்துக்கப்புறம் சிலருக்கு வர்ற நோயா இருக்கலாம். நாளைக்குப் பாக்கலாம்னு விடற விஷயமில்ல. இப்பவே 108-ஐக் கூப்பிடுங்க."

கூப்பிட்டாள்.

கதவருகே நின்று கடைசி வார்த்தையைக் கேட்டுவிட்டாள் மாசாணியம்மாள்.

"அடிப்பாவி! வாசல்ல பந்தல் போட்டிருக்கறப்போ ஆம்புலன்ஸா? சம்பந்தி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? என்ற மவளுக்குப் பைத்தியக்காரின்னு பட்டம் கட்டறயா?"

"அத்தை, உசுரு போயிருமுங்க..."

"எனக்குத் தெரியாதா உன்ற எண்ணம்! அவளை ஆஸ்பத்திரில தள்ளிப்போட்டுக் கொழந்தைய நீ எடுத்துக்கலாம்னு பாக்கறே! வயித்துல பொறந்திருந்தாத் தெரியும்டி பெத்த வலி!"

சாந்தாமணியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. ரித்திகாவின் கையை மட்டும் விடவில்லை.

வண்டி வந்துவிட்டது. ஆனால் யானை புகாமலிருக்கப் போட்ட இரும்பு கேட்டை மாசாணியம்மாள் அதற்குள் சங்கிலியிட்டுப் பூட்டியிருந்தாள். சாவி அவள் இடுப்பில் இருந்தது. அவள் போய்க் கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டாள். பந்தல்காரர்களும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் கூடிவிட்டார்கள்.

"ஒண்ணுமில்லீங்க, போங்க! தெரியாமக் கூப்புட்டுப்போட்டாங்க. இங்க யாருக்கும் ஒண்ணுமில்ல!"

சாந்தாமணி ரித்திகாவை அணைத்தபடி வாசலுக்கு வந்தாள். மறு கையில் குழந்தை.

"ஏனுங்க!" என்று கணவனைக் கூப்பிட்டாள்.

சென்னிமலை தென்னை மரத்தடியில் நின்றிருந்தான். அம்மா சொன்னதற்கு எதிராக அவன் ஒரு வார்த்தை பேசியதை அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

"உங்க தங்கச்சி சாகப் போறேன்னு என்றகிட்டச் சொல்லிட்டாளுங்க. இன்னைக்குன்னு சொல்றா. இனி உங்க இஷ்டம்."

சென்னிமலை அம்மாவைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். பிறகு தோப்புக்குள் போய்க் கடப்பாரையோடு திரும்பி வந்தான்.

"சென்னி! சாமி வாக்கை மீறாதடா! செவப்புப் பூ வந்திருக்குது!"

"நவுருங்கம்மா."

"நான் சொல்றேன்ல..."

"நவுருங்க!"

அவள் நகர்ந்தாள். இரண்டாவது அடியில் பூட்டு தெறித்து விழுந்தது.

சாந்தாமணி மாமியாருக்கு எதிரே வந்து நின்றாள். குழந்தையை நீட்டினாள்.

"புடிங்க அத்தை. நான் கொழந்தைக்கு ஆசப்படலீங்க. நீங்களே வெச்சிருங்க, பவுடர் பால் கலக்கிக் குடுங்க. இவ நல்லாகற வரைக்கும் நான் இந்தப் பாப்பாவைத் தொட மாட்டேன். அம்மன் மேல ஆணை."

மாசாணியம்மாள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். வண்டியில் ஏறும்போது சாந்தாமணி ஒரு தடவை திரும்பினாள்.

"சாமி மேல தப்பில்லீங்க அத்தை. நாமதான் சாமிகிட்டக் கேக்கக் கூடாததைக் கேட்டுப்போட்டோம்."

கோவை அரசு ஆஸ்பத்திரியில் அன்று மதியமே ரித்திகாவை உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு வரும் மனநோய் என்றும், மருந்தில் நன்றாகக் குணமாகும் என்றும், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் தாயும் இருந்திருக்க மாட்டாள், குழந்தைக்கும் ஆபத்தாகியிருக்கும் என்றும் டாக்டர் சொன்னார்.

பெயர் வைக்க வந்த மாப்பிள்ளை கிருபாசங்கர் பந்தலில் உட்காரவே இல்லை. நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

"அக்கா... போன்ல பேசறப்பவெல்லாம் தூக்கம் வரலைன்னுதான் சொன்னா. பச்சப் புள்ளக்காரி அப்படித்தான் இருப்பான்னு நானும் விட்டுட்டேன். நீங்க இல்லாட்டி..." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"போய் அவ பக்கத்துல உக்காருங்க தம்பி. அழுகையெல்லாம் அப்பறம் வெச்சுக்கலாம்."

அவன் அம்மாவும் கூடவே வந்திருந்தாள். மானம் போய்விடுமென்று மாசாணியம்மாள் எந்தச் சம்பந்திக்கு அஞ்சினாளோ, அந்த அம்மாள் வார்டு வாசலில் டிபன் கேரியரைத் திறந்து சாந்தாமணியின் கையில் சாப்பாட்டைக் கொடுத்தாள். "காலைலருந்து பட்டினி கெடக்கறயாம்ல? மொதல்ல சாப்புடு அம்மணி. நோயாளியப் பாக்கறவளுக்குத் தெம்பு வேணும்."

முதல் வாரம் முழுவதும் மாசாணியம்மாள் வரவில்லை. வந்த அன்று குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். ரித்திகா கட்டிலில் உட்கார்ந்து தானே தலை வாரிக்கொண்டிருந்தாள். முகத்தில் தெளிவு வந்திருந்தது.

"அம்மா."

ஒரே வார்த்தைதான். மாசாணியம்மாள் உடைந்துபோனாள்.

"உனக்கு என்னதாங் கண்ணு ஆச்சு... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா..."

"சொல்ல வந்தேம்மா. பூ கேக்கலாம்னீங்க. அண்ணி மட்டுந்தான் என்னைக் கேட்டாங்க."

மாசாணியம்மாள் மெதுவாகத் திரும்பினாள். சாந்தாமணி ஜன்னலோரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கைகளைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள் கிழவி.

"என்ற நாக்குல புழு வெக்கணும் சாந்தா! சொல்லக் கூடாததைச் சொல்லிப்போட்டேன்... பெத்தவ நான் பூட்டிக்கிட்டு நின்னேன். நீ காப்பாத்திப்போட்ட..."

"விடுங்க அத்தை... அழுவாதீங்க. பாருங்க, பாப்பா முழிச்சுக்கிச்சு."

"எடு அவளை."

"ஆணை போட்டிருக்கறேனுங்க."

"அவதான் நல்லாயிட்டாளே! எடு சாமி... நான் சொல்றேன், எடு!"

சாந்தாமணி குழந்தையை வாங்கி, முதலில் ரித்திகாவின் மடியில் வைத்தாள். பிறகுதான் மூவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்!

ஆவணியில் மறுபடி பந்தல் போட்டார்கள். மேட்டுப்பாளையத்து ஒறம்பரை முன்வரிசைக்கு வந்தபோது மாசாணியம்மாள் ஊர் கேட்கச் சொன்னாள்:

"நீ உக்காரு அம்மணி. பேரைச் சொல்றவ என்ற மருமவ."

"கொழந்தை இல்லாதவ முன்ன நிக்கறதா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஆரு சொன்னா இல்லைன்னு? ஒண்ணுக்கு ரெண்டு! தாயும் மவளும் அவ காப்பாத்துன உசுருங்க!"

சாந்தாமணி குனிந்து குழந்தையின் காதில் பெயரைச் சொன்னாள்.

கார்த்திகையில், பக்கத்துத் தோட்டத்துக்காரி தன் மகன் அறையை விட்டு வெளியே வராமல் செத்துப்போகிறேன் என்கிறான், கோயிலில் பூ கேட்கலாமா என்று ஓடிவந்தாள். மாசாணியம்மாள் போனை அவள் கையில் திணித்தாள்.

"பூவை அப்பறம் கேட்டுக்கலாம். ஒண்ணு, நாலு, நாலு, ஒண்ணு, ஆறு. அமுத்து."

குழந்தையின் பெயர் கனிஷ்கா. ரித்திகா டாக்டர் சொன்னபடி மாத்திரை சாப்பிடுகிறாள். கணவன் வீட்டில் இருக்கிறாள். சாந்தாமணி பி.எட். படிப்பை மறுபடி தொடங்கியிருக்கிறாள். கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கினார்கள். சாவி வாசல் நிலையில், எல்லார் கைக்கும் எட்டும்படி ஆணியில் தொங்குகிறது.